சீழ் வடியும் காதுக்குக் கருவி பொருத்தலாமா?

காதில் பல ஆண்டுகளாகச் சீழ் வடிந்து, அதனால் கேட்கும் திறனும் குறைந்துபோன ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்து வரும் குடும்பத்தார், அண்மைக் காலமாக ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கின்றனர்: “காதுக்குள் ஒரு கருவியை வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமாமே, டாக்டர்?” கேள்வியில் உண்மை உண்டு. நடுச்செவி நோயால் கேட்கும் திறனை இழந்தோருக்கு உதவக்கூடிய பல கருவிகள் இன்று உள்ளன. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் முன், நோயாளியின் காதில் எந்தப் பகுதி பழுதுபட்டுள்ளது, அந்தக் காது ஒரு கருவியை ஏற்கும் நிலையில் இருக்கிறதா என்ற இரண்டையும் பார்க்க வேண்டியுள்ளது. இந்தக் கட்டுரை அவ்விரண்டையும் பற்றியது.

உலகச் சுகாதார நிறுவனம் 2004-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகெங்கும் 6.5 கோடி முதல் 33 கோடி பேர் வரை நாட்பட்ட சீழ் வடிதலால் அவதியுறுகின்றனர். அவர்களுள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்குக் கேட்கும் திறன் குறிப்பிடத்தக்க அளவு குறைந்துள்ளது. இது அரிய நோயன்று. எனவே இதற்கான கருவிகளைப் பற்றி அறிந்துகொள்வது பல குடும்பங்களுக்குப் பயன்படும்.

நடுச்செவியின் பணி

செவிப்பறைக்கு உட்புறத்தில் காற்று நிரம்பிய ஒரு சிறிய அறை உள்ளது. அதுவே நடுச்செவி. அதனுள் சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு, அங்கவடி எலும்பு என மூன்று சிற்றெலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து சங்கிலிபோல் நிற்கின்றன. அங்கவடி எலும்பு நம் உடலிலேயே மிகச் சிறிய எலும்பு. அதன் உயரம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் மட்டுமே.

வெளியிலிருந்து வரும் ஒலி காற்றில் பயணம் செய்கிறது. ஆனால் ஒலியை உணரும் உட்செவி திரவம் நிரம்பியது. காற்றில் வரும் ஒலி நேரடியாகத் திரவத்தின் மீது பட்டால், அதன் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். கிணற்று நீருக்குள் மூழ்கியிருப்பவருக்கு மேலே நிற்பவரின் பேச்சு தெளிவாகக் கேட்பதில்லை அல்லவா? அதற்கும் இதுவே காரணம். இந்த இழப்பை ஈடுசெய்வதே நடுச்செவியின் வேலை. செவிப்பறையின் அதிரும் பரப்பு, அங்கவடியின் அடித்தட்டைவிட ஏறத்தாழ 17 மடங்கு பெரியது. சிற்றெலும்புகள் நெம்புகோல்போல் இயங்குவதால் விசை மேலும் 1.3 மடங்கு கூடுகிறது. இவ்விரண்டும் சேர்ந்து ஒலியின் அழுத்தத்தை ஏறத்தாழ 22 மடங்கு உயர்த்தி உட்செவிக்குக் கொடுக்கின்றன.

இந்த அமைப்பு இயங்க நடுச்செவிக்குள் எப்போதும் காற்று இருக்க வேண்டும். அந்தக் காற்று மூக்கின் பின்புறத்திலிருந்து யூஸ்டேஷியன் குழாய் வழியாக வருகிறது. நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து மூடுகிறது. குழந்தைகளுக்கு இக்குழாய் குட்டையாகவும் சற்றுப் படுக்கைவாட்டிலும் அமைந்திருக்கும். சளி பிடித்த குழந்தைக்கு அடிக்கடி காது வலி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நோய் விளைவிக்கும் பழுதுகள்

யூஸ்டேஷியன் குழாய் சரிவரத் திறக்காவிட்டால் நடுச்செவியில் காற்று குறைந்து நீர் தேங்குகிறது. கிருமித் தொற்று மீண்டும் மீண்டும் வந்தால் செவிப்பறையில் ஓட்டை விழுந்து, அது ஆறாமலே நின்றுவிடுகிறது. நாளடைவில் சிற்றெலும்புகள் அரிக்கப்படுகின்றன. பட்டடை எலும்பின் மெல்லிய நுனியே பெரும்பாலும் முதலில் அரிக்கப்பட்டுச் சங்கிலி அறுகிறது. சிலருக்குச் செவிப்பறையின் தோல் உள்நோக்கி இழுக்கப்பட்டு, அங்கே உதிரும் தோல் செதில்கள் பைபோல் திரள்கின்றன. இதனைக் கொலஸ்டியடோமா என்கிறோம். இது புற்றுநோயன்று, ஆயினும் சுற்றியுள்ள எலும்பை அரித்துச் செல்லக்கூடியது. முக நரம்பு, உட்செவி, மூளையின் உறை வரையிலும் பாதிப்பு சென்றடையலாம்.

இத்தகைய நோயாளிகளுள் பலர் ஒரு கடினமான நிலையில் சிக்கிக்கொள்கின்றனர். கேட்கும் திறன் குறைந்ததால் அவர்களுக்குச் செவித்துணைக் கருவி வேண்டும். ஆனால் வழக்கமான கருவியின் அச்சு காதுத் துளையை அடைத்துவிடுகிறது. அடைபட்ட காதில் ஈரமும் வெப்பமும் தங்கி, அடங்கியிருந்த சீழ் மீண்டும் வடியத் தொடங்குகிறது. சீழ் வடிந்தால் கருவியைக் கழற்றி வைக்க வேண்டும், கழற்றினால் கேட்பதில்லை. வகுப்பறையில் அமரும் மாணவரும், கடையில் வாடிக்கையாளருடன் பேச வேண்டியவரும் இதனால் படும் துன்பம் சிறிதன்று. நடுச்செவிக்கான கருவிகளின் வரலாற்றில் ஒரு பெரும் பகுதி, கேட்பதற்கும் காது உலர்ந்திருப்பதற்கும் இடையிலான இந்த முரண்பாட்டைத் தீர்க்கும் முயற்சியே ஆகும்.

மிகச் சிறிய கருவி: காற்றுக் குழல்

நடுச்செவியில் வைக்கப்படும் கருவிகளுள் எளியது, கிராமெட் எனப்படும் சிறு குழல். செவிப்பறையில் கீறல் இட்டு நோயைத் தணிக்கலாம் என்பதை இலண்டனைச் சேர்ந்த ஆஸ்ட்லி கூப்பர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டினார். ஆனால் அந்தக் கீறல் சில நாட்களிலேயே ஆறி மூடிக்கொண்டது. அதனைத் திறந்தே வைத்திருக்க வியன்னாவின் ஆடம் பொலிட்சர் போன்றோர் அந்த நூற்றாண்டிலேயே முயன்றனர். எனினும் 1954-இல் அமெரிக்க மருத்துவர் பெவர்லி ஆம்ஸ்ட்ராங் வினைல் குழலைப் பயன்படுத்திய பிறகே இம்முறை பரவலாக வேரூன்றியது.

இக்குழல் செய்யும் வேலை ஒன்றே: யூஸ்டேஷியன் குழாய் செய்யத் தவறியதைத் தற்காலிகமாகச் செய்து, நடுச்செவிக்குள் காற்றை அனுமதிப்பது. காற்று சென்றதும் தேங்கிய நீர் வற்றுகிறது. செவிப்பறை மீண்டும் அதிர்கிறது. சாதாரண கிராமெட் பெரும்பாலும் 6 முதல் 18 மாதங்களுக்குள் தானாகவே வெளித்தள்ளப்படும். அது கீழே விழுந்துவிட்டதே என்று பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை, அது எதிர்பார்க்கப்பட்டதே. நீண்ட காலம் நிற்கும்படி வடிவமைக்கப்பட்ட குழல்களும் உள்ளன. அவை விழுந்த பிறகு செவிப்பறையில் நிலையான ஓட்டை நின்றுவிடும் வாய்ப்பு சற்று அதிகம். ஆகவே அவற்றைத் தேவை அறிந்தே தேர்ந்தெடுக்கிறோம்.

எலும்புக்கு மாற்றாக ஒரு தண்டு

1952-இல் ஜெர்மனியின் ஹோர்ஸ்ட் வுல்ஸ்டைன், நோயால் அழிந்த சிற்றெலும்புகளுக்கு மாற்றாக அக்ரிலிக் வகைப் பிளாஸ்டிக்கால் ஆன சிறு தண்டினை வைத்தார். அவரும் சக நாட்டவரான ஜோல்னரும் செவிப்பறைச் சீரமைப்பு அறுவைச் சிகிச்சைக்கு அடித்தளமிட்டவர்கள். அந்தப் பிளாஸ்டிக் தண்டு தொடக்கத்தில் நல்ல பலன் தந்தது. ஆனால் காலப்போக்கில் காது அதனை வெளித்தள்ளியது. அந்தப் பொருளை அவர் கைவிட நேர்ந்தது.

நான்கே ஆண்டுகளுக்குப் பின், 1956 மே 1 அன்று, அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் ஜான் ஷே என்ற மருத்துவர், உறைந்துபோன அங்கவடி எலும்பை அகற்றிவிட்டு டெஃப்லானால் செய்த அங்கவடியைப் பொருத்தினார். அந்த அறுவைச் சிகிச்சை வெற்றி பெற்று உலகெங்கும் பரவியது. இரண்டுமே சிற்றெலும்புக்கு மாற்றாக வைக்கப்பட்ட செயற்கைப் பொருள்கள். ஒன்று தோற்று மற்றொன்று வென்றது ஏன்? பொருளின் தன்மை ஒரு காரணம். அதைவிட முதன்மையான காரணம் காதின் நிலை. ஷே சிகிச்சை அளித்தது ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்ற நோய்க்கு. அதில் எலும்பு உறையுமே தவிரச் சீழ் இராது. செவிப்பறையும் காற்றோட்டமும் நலமாக இருக்கும். வுல்ஸ்டைன் போராடியதோ, சீழ் வடிந்து, காற்றோட்டம் குன்றி, செவிப்பறை மெலிந்த காதுகளோடு.

அந்த வேறுபாட்டை வெல்லவே அடுத்து வந்த ஆய்வுகள் பாடுபட்டன. 1970-களில் நுண்துளைகள் கொண்ட பாலிஎத்திலீன் வந்தது. உடல் அதனை அந்நியப் பொருளாகவே கருதி எதிர்த்தது. 1980-களில் எலும்பின் கனிமக் கூறான ஹைட்ராக்சி அபடைட்டால் ஆன உறுப்புகள் வந்தன. நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள் இதில் முன்னோடிகள். 1990-களிலிருந்து டைட்டானியம் பரவலானது. அது மிக இலேசானது, மெல்லிய தண்டாக வடிக்கத்தக்கது, திசுக்களோடு இணங்கி நிற்பது. ஆயினும் உலோகத் தண்டின் தலை செவிப்பறையை நேராகத் தொட்டால் நாளடைவில் அதனைத் துளைத்து வெளிவரக்கூடும். ஆகவே நோயாளியின் காதுமடலிலிருந்தே மெல்லிய குருத்தெலும்புத் துண்டை எடுத்து இரண்டுக்கும் இடையில் வைக்கிறோம். எளிய இந்தத் தீர்வு வெளித்தள்ளலைப் பெரிதும் குறைத்தது.

அங்கவடி எலும்பின் மேற்பகுதி எஞ்சியிருந்தால் அதன் மேல் குட்டையான தண்டு போதும். அதன் அடித்தட்டு மட்டுமே எஞ்சியிருந்தால் நீண்ட தண்டு தேவை. பொதுவாக, எஞ்சியிருக்கும் எலும்பு அதிகமாயின் பலனும் அதிகம். எல்லா நோயாளிகளுக்கும் கடையில் வாங்கும் உறுப்பு தேவைப்படுவதுமில்லை. நோயாளியின் சொந்தப் பட்டடை எலும்பையே செதுக்கி மீண்டும் பொருத்தும் முறை 1957 முதல் வழக்கில் உள்ளது. செலவு குறைந்த இம்முறை இன்றும் நற்பலன் தருகிறது. கொலஸ்டியடோமா பற்றியிருந்த எலும்பை மட்டும் மீண்டும் பயன்படுத்துவதைத் தவிர்க்கிறோம்.

எலும்பின் வழியே ஒலி

சில காதுகளில் சீரமைப்பு அறுவைச் சிகிச்சை பலமுறை செய்தும் பலன் கிட்டுவதில்லை. சிலருக்குச் சீழ் முற்றிலும் அடங்குவதில்லை. சிலருக்கு நோயை அகற்றும்போது காதுக்குப் பின்னுள்ள எலும்பில் பெரிய குழி உண்டாகிவிடுகிறது. இத்தகையோருக்கு வெளிக்காதையும் நடுச்செவியையும் ஒதுக்கிவிட்டு, மண்டையெலும்பின் வழியாக ஒலியை உட்செவிக்குக் கொண்டு செல்லும் வழி திறந்தது.

அதன் வேர் ஸ்வீடனில் உள்ளது. பெர்-இங்வார் பிரோனெமார்க் என்ற ஆய்வாளர் 1950-களில் முயலின் எலும்பில் டைட்டானியக் கலம் ஒன்றைப் பதித்து இரத்த ஓட்டத்தை ஆய்ந்தார். ஆய்வு முடிந்து எடுக்க முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அதனோடு இறுகப் பிணைந்திருந்தது. இந்தப் பிணைப்பு முதலில் செயற்கைப் பல் பொருத்தப் பயன்பட்டது. 1977-இல் கோதன்பர்க் நகரில் ஆண்டர்ஸ் செல்ஸ்ட்ரோம் என்ற காது மருத்துவரும் அவர் குழுவினரும், காதுக்குப் பின்னுள்ள மண்டையெலும்பில் சிறிய டைட்டானியத் திருகாணியைப் பதித்து, அதன்மேல் அதிரும் கருவியை மாட்டினர். ஒலி அதிர்வு எலும்பின் வழியே நேராக உட்செவியை அடைந்தது. காதுத் துளை திறந்தே இருந்தது. கேட்பதா, காது உலர்ந்திருப்பதா என்று தவித்தவர்களுக்கு இது பெரும் விடுதலையாக அமைந்தது.

தோலைத் துளைத்து நிற்கும் தண்டைச் சுற்றித் தோல் சிவத்தல், புண்படுதல் ஆகியவை சிலருக்குத் தொல்லை தந்தன. ஆகவே தோலுக்கு அடியில் முழுவதும் மறைந்திருக்கும் கருவிகள் உருவாயின. 2012-இல் ஐரோப்பாவில் அறிமுகமான போன்பிரிட்ஜ் அவற்றுள் ஒன்று. அதில் அதிரும் பகுதி எலும்பினுள் இருக்கும். ஒலியை வாங்கும் செயலி தோலுக்கு வெளியே காந்தத்தால் ஒட்டி நிற்கும்.

இவ்வகைக் கருவியில் நோயாளிக்கு ஒரு நன்மை உண்டு. அறுவைச் சிகிச்சைக்கு முன்பே, தலைப்பட்டையில் பொருத்திய அதிர்வுக் கருவியை அணிந்து பார்க்கலாம். வீட்டாரின் பேச்சு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதைத் தாமே உணர்ந்த பின் முடிவு செய்யலாம். மண்டையெலும்பு போதிய தடிமன் அடையாத சிறு குழந்தைகள், வளரும் வரை இந்தத் தலைப்பட்டையையே அணியலாம். பேச்சைக் கற்கும் பருவத்தில் அக்குழந்தை ஒலியின்றி இருக்க வேண்டியதில்லை.

தானே அதிரும் கருவி

ஜெஃப்ரி பால் என்ற அமெரிக்கப் பொறியாளர் சிறுவயதிலேயே கேட்கும் திறன் குறைந்தவர். வழக்கமான செவித்துணைக் கருவிகளில் நிறைவு காணாத அவர், சிற்றெலும்பிலேயே பற்றிக்கொண்டு அதனை அசைக்கும் ஒரு நுண்கருவியை உருவாக்கினார். ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டர் நீளமும் 25 மில்லிகிராம் எடையும் கொண்ட அதனுள் ஒரு காந்தம் முன்னும் பின்னும் அசையும். 1996-இல் சூரிக் நகரில் பேராசிரியர் ஊகோ ஃபிஷ் அதனை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். வைப்ரன்ட் சவுண்ட்பிரிட்ஜ் என்ற அக்கருவிக்கு அமெரிக்காவில் 2000-இல் ஒப்புதல் கிடைத்தது. பிற்காலத்தில் பால் தம் காதுகளிலும் அதனைப் பொருத்திக்கொண்டார்.

தொடக்கத்தில் அக்கருவி, சிற்றெலும்புகள் நலமாக உள்ள, உட்செவி மட்டும் பலவீனமான நோயாளிகளுக்கே பொருத்தப்பட்டது. நடுச்செவி நோயாளிகளுக்கு அதில் இடமில்லை. பற்றிக்கொள்ள எலும்பு இல்லையே! இத்தாலியின் வெரோனா நகரைச் சேர்ந்த விட்டோரியோ கொலெட்டியும் அவர் குழுவினரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் வேறொரு வழியைக் காட்டினர். சிற்றெலும்புகள் அழிந்தவர்களுக்கு, உட்செவியின் வட்டச் சாளரம் என்ற மெல்லிய சவ்வின் மேல் கருவியை வைத்து, திரவத்தை நேரடியாக அதிரச் செய்தனர். பலமுறை அறுவைச் சிகிச்சை செய்தும் கேட்கும் திறன் மீளாத காதுகளுக்கு அதனால் ஒரு வழி பிறந்தது.

உட்செவியும் பெரிதும் பழுதுபட்டோருக்கு இக்கருவிகள் போதா. அவர்களுக்குக் கேட்பு நரம்பையே மின் துடிப்பால் தூண்டும் காக்ளியர் இம்ப்ளான்ட் தேவைப்படலாம். சீழ் வடிந்த காதிலும் அதனைப் பொருத்த இயலும். ஆனால் முதலில் நோய் முழுவதையும் அகற்றி, தேவையெனில் காதுத் துளையையே தைத்து மூடி, குழியை வயிற்றுக் கொழுப்பால் நிரப்பி, காதை வெளியுலகிலிருந்து பிரித்த பிறகே அது பாதுகாப்பானது.

ஏன் முதலில் உலர்ந்த காது?

செயற்கைப் பொருளின் மேற்பரப்பில் கிருமிகள் குடியேறினால், அவை தம்மைச் சுற்றி வழவழப்பான படலம் ஒன்றைக் கட்டிக்கொள்கின்றன. குளத்துப் படிக்கட்டில் படியும் பாசியை நினைத்துப் பாருங்கள். அந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமிகளை மருந்து எளிதில் எட்டுவதில்லை. உயிருள்ள திசுவில் வந்த தொற்று மருந்துக்கு அடங்கலாம்; கருவியின் மேல் படிந்த தொற்றைப் போக்கச் சில வேளைகளில் கருவியையே அகற்ற நேரிடும். அதனால்தான் சீழ் வடியும் நடுச்செவிக்குள் கருவியைப் பொருத்த மருத்துவர்கள் தயங்குகின்றனர்.

இந்த வரிசையை நினைவில் கொள்ளுங்கள். முதலாவது, உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் நோயை அகற்றுதல். இரண்டாவது, காதை உலரச் செய்து, ஓட்டையை அடைத்தல். மூன்றாவது, கேட்கும் திறனை மீட்டல். சிலருக்கு இம்மூன்றும் ஒரே அறுவைச் சிகிச்சையில் முடியும். கொலஸ்டியடோமா உள்ளோர் பலருக்கு, நோய் மீண்டும் முளைத்திருக்கிறதா என்று சில மாதங்கள் கழித்துப் பார்த்த பின்பே சிற்றெலும்பு சீரமைக்கப்படும். “இரண்டு முறை ஏன் மயக்க மருந்து? ஒரே முறையில் முடித்துவிடக் கூடாதா?” என்று குடும்பத்தார் கேட்பது இயல்பே. உள்ளே நோயை விட்டுவிட்டு மேலே கருவியைப் பொருத்துவது, கரையான் அரித்த தூணுக்கு வண்ணம் பூசுவதைப் போன்றது. அந்த இடைவெளிக் காலத்தில் நோயாளி கேளாமல் தவிக்க வேண்டும் என்பதில்லை. தலைப்பட்டைக் கருவி அப்போதும் கைகொடுக்கும்.

இன்னொன்றையும் கருத வேண்டும். கொலஸ்டியடோமா மீண்டும் வருகிறதா என்பதைக் கண்டறிய இப்போது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பெரிதும் பயன்படுகிறது. காந்தம் கொண்ட கருவிகள் அந்தப் படத்தில் அருகிலுள்ள பகுதிகளை மறைத்துவிடக்கூடும். எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கான பாதுகாப்பு வரம்புகளும் கருவிக்குக் கருவி மாறுபடும். எனவே நோய் திரும்பும் வாய்ப்பு அதிகமுள்ள காதில் எந்தக் கருவியை, எப்போது பொருத்துவது என்பதை இதையும் எண்ணியே முடிவு செய்கிறோம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

கருவி பொருத்தலாம் என்று உங்கள் மருத்துவர் கூறினால், பின்வரும் கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்.

1. காதில் நோய் இன்னும் எஞ்சியுள்ளதா? சி.டி. ஸ்கேன் என்ன காட்டுகிறது?
2. உட்செவியின் திறன் எவ்வளவு? கேட்புத்திறன் சோதனையில் காற்று வழிக்கும் எலும்பு வழிக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு? அந்த இடைவெளிதான் நடுச்செவிப் பழுதின் அளவு. உட்செவியின் திறனைப் பொறுத்தே கருவி தேர்ந்தெடுக்கப்படும்.
3. கருவியின்றி, சொந்த எலும்பாலோ குருத்தெலும்பாலோ சீரமைக்க இயலுமா?
4. அறுவைச் சிகிச்சைக்கு முன் இக்கருவியின் பலனைச் சோதித்துப் பார்க்கலாமா?
5. வெளியே அணியும் செயலி உண்டா? அதன் மின்கலம், பழுது நீக்கம், சில ஆண்டுகளுக்குப் பின் மாற்றும் செலவு ஆகியவை யார் பொறுப்பு?
6. கருவி பொருத்திய பின் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? எந்த அளவு வரை?
7. கருவி வெளித்தள்ளப்பட்டாலோ பலனளிக்காவிட்டாலோ அடுத்த வழி என்ன?

ஐந்தாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. அறுவைச் சிகிச்சைக்கான தொகையை எப்படியோ திரட்டிவிடுகின்றனர். சில ஆண்டுகள் கழித்துச் செயலி பழுதடைந்தால் மாற்ற வழியின்றி, உள்ளே கருவி இருந்தும் ஒலியின்றி வாழ்கின்றனர். தொடர் செலவையும் முன்பே கணக்கிட்டுக்கொள்வது நல்லது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

காதில் எண்ணெய் விடுதல், கோழி இறகு, தீக்குச்சி, ஊக்கு ஆகியவற்றால் குடைதல் ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். ஓட்டையுள்ள காதுக்குள் விடும் எண்ணெய் நேராக நடுச்செவிக்குள் சென்று தங்கும். சீழ் வடியும் காதைப் பஞ்சால் இறுக அடைத்து வைப்பதும் நல்லதன்று. செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் தலைக்குக் குளிக்கும்போது, வாசலின் தடவிய பஞ்சால் காதை மறைத்துக்கொண்டு, குளித்து முடித்ததும் அதனை எடுத்துவிட வேண்டும். கிணறு, குளம், ஆறு ஆகியவற்றில் மூழ்கிக் குளிப்பதைத் தவிர்ப்பது நலம். கிராமெட் வைத்த குழந்தைகளுக்கு அந்த அளவுக் கட்டுப்பாடு எப்போதும் தேவைப்படுவதில்லை. உங்கள் மருத்துவரிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

சிற்றெலும்புச் சீரமைப்புக்குப் பின் சில வாரங்கள் மூக்கை வேகமாகச் சிந்துதல், கனமான பொருள்களைத் தூக்குதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். விமானப் பயணத்துக்கு மருத்துவரின் அனுமதி பெறுங்கள். உள்ளே பொருத்திய கருவியின் பெயர், மாதிரி எண், பொருத்திய நாள் ஆகியவை அடங்கிய அட்டையை எப்போதும் உடன் வைத்திருங்கள். எந்த மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பதாயினும் முதலில் அதனைக் காட்டுங்கள்.

காதில் சீழ் உள்ள ஒருவருக்குக் கடுமையான தலைவலி, காய்ச்சல், வாந்தி, தலைச்சுற்றல், வாய் ஒரு பக்கம் கோணுதல், காதுக்குப் பின்புறம் வீக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திராமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும்.

ஆய்வில் உள்ளவை

காதின் இந்தச் சிக்கல்களைக் கருத்தில் கொண்டு ஆய்வுகள் தொடர்கின்றன. 2019-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் பேராசிரியர் மஷுடு சிஃபுலாரோவும் அவர் குழுவினரும், முப்பரிமாண அச்சு முறையில் செய்த சிற்றெலும்புகளை நோயாளிக்குப் பொருத்தினர். அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள், இயற்கைச் செவிப்பறையின் இழையமைப்பை ஒத்த ஒட்டுப் பொருளை அதே முறையில் உருவாக்கியுள்ளனர். கிருமிப் படலம் எளிதில் ஒட்டாத மேற்பரப்பு கொண்ட காற்றுக் குழல்கள் விலங்குகளில் சோதிக்கப்பட்டுள்ளன. யூஸ்டேஷியன் குழாயைத் திறந்து வைக்கும் நுண்வலைக் குழாய்களும் விலங்கு ஆய்வு நிலையில் உள்ளன. இவற்றுள் பலவும் நம் சிகிச்சை அறைக்கு வரக் காலம் பிடிக்கும். அவை வரட்டும் என்று எண்ணி, இன்று சீழ் வடியும் காதைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது. காத்திருக்கும் காலத்தில் எலும்பு அரிப்பதும், கிருமி நஞ்சால் உட்செவி பலவீனமடைவதும் நிற்பதில்லை. உட்செவி கெட்ட பின், முன்னர் எளிய கருவியால் கிடைத்திருக்கக்கூடிய பலன் கைநழுவிப் போகலாம்.

எங்கள் பிரிவுக்கு வரும்போது, பழைய அறுவைச் சிகிச்சைக் குறிப்புகள், கேட்புத்திறன் சோதனை அறிக்கைகள், ஸ்கேன் படங்கள் ஆகியவற்றை, எவ்வளவு பழையவையாயினும், எடுத்து வாருங்கள். நோயாளியோடு தினமும் பேசிப் பழகும் ஒருவரும் உடன் வருவது நல்லது. எந்தக் குரல் கேட்கவில்லை, எந்த இடத்தில் தடுமாறுகிறார், எத்தனை நாட்களுக்கு ஒருமுறை சீழ் வடிகிறது என்பவற்றை நோயாளியைவிட அவரே நன்கு அறிந்திருப்பார். கருவி வேண்டுமா, வேண்டாமா, வேண்டுமெனில் எது என்பதை முடிவு செய்ய அந்த விவரங்கள் எங்களுக்கு ஸ்கேன் படத்தைப் போலவே தேவைப்படுகின்றன.